கரி என்னும் நிறம்: சிறு சமையலறையில் கறுப்பு அலமாரிகள்

பெங்களூரு, புனே, ஐதராபாத், குருகிராம் போன்ற நகரங்களின் அடுக்கக வீடுகளில் சமையலறை அலமாரிகள் கறுப்புக்கு மாறி வருகின்றன. விற்பனை ஏடுகள் அந்தக் கறுப்புக்குப் பல பெயர்கள் சூட்டுகின்றன: சார்க்கோல், கிராஃபைட், ஓனிக்ஸ். இவற்றுள் முதற்பெயர் மொழியைப் பயில்வோரைச் சற்று நிறுத்தி வைக்கும். சார்க்கோல் என்பது அடுப்புக்கரி. இந்தியப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் சுவரிலிருந்தும் பாத்திரத்திலிருந்தும் தேய்த்து அகற்ற முயன்ற பொருளின் பெயர், இன்று அதே அறையின் விலையுயர்ந்த நிறத்துக்கு விளம்பரப் பெயராகியிருக்கிறது.

விறகும் வறட்டியும் எரிந்த அறையில் கறுப்பை எவரும் தேர்ந்தெடுக்கவில்லை. அது புகையின் எச்சம். கண்ணெரிச்சலின், இருமலின் நிறம். தமிழில் 'முகத்தில் கரி பூசுதல்' என்பது அவமானத்தைக் குறிக்கும். இந்தியிலும் 'காலிக்' என்னும் புகைக்கரியை முகத்தில் பூசுவது அதே பொருளைத் தரும் வழக்கு. வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த இரு மொழிகள் கரியைப் பற்றி ஒரே தீர்ப்பை எழுதிவைத்திருக்கின்றன. 2016 மே மாதம் உத்தரப் பிரதேசத்தின் பலியாவில் தொடங்கப்பட்ட உஜ்வலா எரிவாயுத் திட்டமும், சமையலறைப் புகையிலிருந்து பெண்களை மீட்பதையே தன் நோக்கமாக முன்வைத்தது. நாட்டின் ஒரு பகுதி கரியிலிருந்து இன்னும் முழுமையாக வெளியேறாத காலத்தில், மற்றொரு பகுதி அதைப் பணம் கொடுத்து வாங்குகிறது.

இதை முரண் என்று சுட்டிக்காட்டி நகைத்துவிட்டுச் செல்வது எளிது, நியாயமாகாது. ஏனெனில் கறுப்பு நம் சமையலறைக்கு அந்நியமான நிறமும் அன்று. கடப்பைக்கல் தட்டுகள், கறுப்புக் கிரானைட் மேடை, இரும்புத் தோசைக்கல் ஆகிய அனைத்தும் கறுப்பே. ஆனால் அவை பயன்பாட்டின் வழியாக வந்தவை. கிரானைட் மேடை கொதிக்கும் பாத்திரத்தைத் தாங்கும். மஞ்சள் கறையை எளிதில் ஏற்காது. அலமாரிக் கதவின் கறுப்புக்கு அத்தகைய காரணம் ஏதேனும் உண்டா என்பதுதான் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

சிறு சமையலறை எவ்வளவு சிறியது? தனி உணவறை உள்ள வீட்டில் சமையலறைக்குக் குறைந்தது 5 சதுர மீட்டர் பரப்பும் 1.8 மீட்டர் அகலமும் வேண்டும் என்பது இந்திய தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்லும் அளவு. இருபுறமும் மேடை அமைத்தால் இரண்டு பேர் ஒருவரையொருவர் கடந்து செல்வதே கடினம். இந்த அளவுள்ள அறையிடம் கறுப்பு இரண்டு விலைகளைக் கேட்கிறது.

முதலாவது, வெளிச்சம். ஒரு பரப்பு ஒளியை எவ்வளவு திருப்பித் தருகிறது என்பதை 0 முதல் 100 வரையிலான அளவுகோலில் கணிப்பர். நல்ல வெள்ளைப் பூச்சு 80க்கு மேல் நிற்கும். கறுப்பு 5ஐ ஒட்டியே இருக்கும். பெரும்பாலான அடுக்ககங்களில் சமையலறை விளக்கு கூரையின் நடுவில் பொருத்தப்படுகிறது. மேடையை நோக்கி நிற்பவரின் முதுகுக்குப் பின்னால் அது எரிவதால், அவருடைய நிழல் அவர் நறுக்கும் காயின் மேலேயே விழுகிறது. வெளிர்நிற அலமாரிகள் சுற்றியிருந்தால் திரும்பிவரும் ஒளி அந்த நிழலைத் தணிக்கும். கறுப்பு அலமாரிகள் அந்த உதவியைச் செய்யா. பருப்பில் கல் பார்ப்பவருக்கும் கீரையில் புழு தேடுபவருக்கும் இது அழகியல் சார்ந்த சிக்கலாகத் தோன்றாது.

இரண்டாவது, துடைப்பு. கறுப்பு அழுக்கை மறைக்கும் என்பது பரவலான நம்பிக்கை. இந்தியச் சமையலறையின் அழுக்கைக் கவனித்தால் அந்த நம்பிக்கை நிற்காது. கோதுமை மாவு, அரிசி மாவு, உப்பு, ஆழ்துளைக் கிணற்று நீர் காய்ந்து விடும் வெண்படலம் ஆகிய அனைத்தும் வெளிர்நிறமானவை. கறுப்பின் மேல் அவை பளிச்சென்று தெரியும். பளபளப்பான பரப்பு கைரேகையைக் காட்டும். மங்கலான பரப்பு எண்ணெய்த் திட்டைப் பிடித்துக்கொள்ளும். வெள்ளையிலும் மஞ்சள்தூள் தன் தடத்தை விடத்தான் செய்கிறது. எனினும் கறுப்புக் கதவு கேட்பது வாரந்தோறும் துடைக்கும் துணியை அன்று. நாள்தோறும் துடைக்கும் கையை.

அந்தக் கை யாருடையது? 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, 6 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 81.2 விழுக்காட்டினர் ஒரு நாளில் ஊதியமற்ற இல்லப்பணியில் ஈடுபட்டனர். ஆண்களில் அந்த அளவு 26.1 விழுக்காடு. ஈடுபட்டோர் செலவிட்ட சராசரி நேரம் பெண்களுக்கு 299 நிமிடம், ஆண்களுக்கு 97 நிமிடம். வசதியுள்ள வீடுகளில் இந்தச் சுமையின் ஒரு பகுதி வீட்டுப் பணியாளரின் தோளுக்கு மாறுகிறது. வரைபடம் தயாராகும் மேசையில் வீட்டு உரிமையாளர் இருக்கிறார், வடிவமைப்பாளர் இருக்கிறார். துடைக்கப்போகிறவரிடம் நிறம் குறித்து எவரும் கருத்துக் கேட்பதில்லை.

1926இல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்த ஃபிராங்க்ஃபர்ட் சமையலறையை இங்கே நினைவுகூரலாம். அதன் அளவு ஏறத்தாழ 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர், இன்றைய இந்திய அடுக்ககச் சமையலறைக்குத் தொலைவில்லை. ரயில்களின் உணவுப்பெட்டிச் சமையலறையைப் பார்த்தும், சமைப்பவர் எடுக்கும் அடிகளைக் கணக்கிட்டும் அவர் அதை உருவாக்கினார். அதன் நீலப்பச்சை நிறத்துக்குக்கூட, ஈக்கள் அந்நிறத்தை அண்டா என்ற அக்காலக் கருத்துக் காரணமாகச் சொல்லப்படுகிறது. கருத்து சரியோ தவறோ, நிறம் வேலையிலிருந்து புறப்பட்டது. ஒரு பெண்ணைத் தனியறையில் அடைத்துவிட்டது என்ற விமர்சனமும் அந்தச் சமையலறைக்கு உண்டு. அது நேர்மையான விமர்சனம். இன்றைய திறந்த சமையலறை அந்தச் சுவரை அகற்றியது. அகற்றிய கையோடு, சமையலறையை வரவேற்பறைச் சோபாவிலிருந்து பார்க்கப்படும் காட்சியாகவும் ஆக்கிவிட்டது. கறுப்பு அலமாரி அந்தச் சோபாவில் அமர்ந்திருப்பவருக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நிறம்.

ஆகவே கறுப்பைத் தடை செய்ய வேண்டும் என்பது இங்கு வாதமாகாது. கறுப்பை விரும்புவோர் அதன் விலையைத் தாங்களே செலுத்த வேண்டும் என்பதே வாதம். கீழ் அலமாரிகளில் மட்டும் கறுப்பு, மேல் அலமாரிகளிலும் மேடைக்குப் பின்னுள்ள ஓடுகளிலும் வெளிர்நிறம் என்று பிரித்தால் கண்மட்டத்தில் ஒளி தங்கும். மேல் அலமாரியின் அடியில், முன்விளிம்பை ஒட்டி, நீள் விளக்கு பொருத்தினால் சமைப்பவரின் நிழல் மேடையிலிருந்து விலகும். கைப்பிடி வைத்த கதவில், தள்ளித் திறக்கும் கதவைவிடக் கைரேகை குறையும். இவற்றுக்கான செலவும் மதிப்பீட்டில் முதலிலேயே இடம்பெற வேண்டும். நிறம் முடிவான பிறகு மிஞ்சும் பணத்தில் செய்யும் ஒட்டுவேலையாக இருக்கலாகாது.

கட்டடக்கலை, உள்ளக வடிவமைப்புப் பாடங்களில் சமையலறை வரைதல் வழக்கமான பயிற்சி. அந்தப் பயிற்சித் தாளில் அடுப்புக்கும் தொட்டிக்கும் இடையிலான தொலைவை மாணவர் குறிக்கிறார். இன்னும் இரண்டு வரிகளை அவர் எழுத வேண்டும் என்று ஆசிரியர்கள் கேட்கலாம்: இங்கே நாளொன்றுக்கு எத்தனை மணிநேரம் யார் நிற்பார், இதை யார் துடைப்பார். நிறத்தைப் பற்றிய பேச்சு அந்த இரண்டு வரிகளுக்குப் பிறகு தொடங்கட்டும்.