படிச்ச மனுசனுக்குக் கரைச்சல் குடுங்கோ

“அவர் படிச்ச மனுசன். சும்மா சும்மா போன் எடுத்துக் கரைச்சல் குடுக்காத.”

ஜனவரியில் அப்பா எனக்குச் சொன்னது இது. அந்தப் படிச்ச மனுசன் எங்கள் சொலிசிட்டர். நான் அப்பா சொல் கேட்டுப் பேசாமல் இருந்தேன். அதனால் ஒரு வீடு எங்கள் கையை விட்டுப் போனது.

அப்பாவுக்கு இரண்டு முழங்காலும் ஏலாது. படி ஏற முடியாமல் முன் அறை சோபாவில் படுக்கிறார். மேலே குளிக்கப் போக அம்மாவின் தோள் வேண்டும். அதனால்தான் நான் வளர்ந்த ஹரோ வீட்டை விற்று, படியில்லாத ஒரு பங்களோ வாங்க முடிவெடுத்தோம். நவம்பரில் எங்கள் வீட்டுக்கு ஆள் கிடைத்தது. பங்களோவும் கிடைத்தது. மார்ச்சில் குடிபோகலாம் என்று அம்மா நாள்கூடப் பார்த்துவிட்டார்.

ஜனவரி 8ஆம் திகதி, வாங்குபவரின் சொலிசிட்டர் ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். 2004இல் குசினியைப் பெருப்பித்தோமே, அதற்குக் கவுன்சிலின் பில்டிங் கன்ட்ரோல் சான்றிதழ் எங்கே? அது எங்கள் கைக்கு வந்தது 27ஆம் திகதி. 19 நாள் எங்கள் சொலிசிட்டரின் ஈமெயில் பெட்டியில் கிடந்திருக்கிறது. சான்றிதழ் எங்கே இருந்தது தெரியுமா? அம்மா ஊரில் இருந்து கொண்டுவந்த சூட்கேசுக்குள், எங்கள் பிறப்புச் சான்றிதழ்களுக்கு அடியில். ஐந்து நிமிடத்தில் எடுத்தோம். அன்றிரவே அனுப்பினோம். அதை அவர் மற்றப் பக்கத்துக்கு அனுப்ப இன்னும் 12 நாள். வீட்டுக்குள்ளேயே இருந்த ஒரு தாளுக்கு 31 நாள்!

இப்படி மூன்று கேள்விகள். ஏப்ரலில் பங்களோக்காரர் பொறுமை இழந்து வேறு ஆளுக்கு விற்றுவிட்டார். நாங்கள் போக இடமில்லை என்று தெரிந்ததும், எங்கள் வீட்டை வாங்க இருந்தவர்களும் மே மாதம் விலகிவிட்டார்கள். யாரும் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஓஃபரை ஏற்றுக்கொள்வது வெறும் வாய்ப்பேச்சு. 1989ஆம் ஆண்டுச் சட்டப்படி, வீட்டு விற்பனை ஒப்பந்தம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எக்ஸ்சேஞ்ச் என்று சொல்லும் அந்த நாள் வரை, எவரும் எப்போதும் கழன்றுகொள்ளலாம். ஆகவே சொலிசிட்டர் தாமதிக்கும் ஒவ்வொரு நாளும், உங்கள் விற்பனை குலைந்துபோகக்கூடிய இன்னொரு நாள்.

நான் கணினித் துறையில் ஆலோசகர். என் வேலை பிந்தினால் திங்கட்கிழமை அறிக்கையில் என் பெயர் சிவப்பில் இருக்கும். சில ஒப்பந்தங்களில் தண்டப்பணமும் உண்டு. வீடு விற்பதில் நடப்பது நேர்மாறு. பெரும்பாலும் முன்பே பேசிய ஒரே கட்டணம்தான். இரண்டு மாதத்தில் முடித்தாலும் எட்டு மாதம் இழுத்தாலும் அதே காசு. தாமதத்தின் செலவு முழுவதும் விற்பவர் தலையிலும் வாங்குபவர் தலையிலும். அதை உண்டாக்குபவருக்கு ஒரு பென்ஸ் நட்டமில்லை. அப்படியிருக்க அவர் ஏன் அவசரப்படப் போகிறார்?

சொலிசிட்டர்மார் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். கவுன்சில் சேர்ச் பிந்துகிறது, வங்கி பிந்துகிறது, காசு எங்கிருந்து வந்தது என்று விசாரிக்கச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது, ஒரு ஆளின் மேசையில் எத்தனையோ கோப்புகள். எல்லாம் உண்மை. சீட்டுக் காசையும் கனடா மாமா தந்த காசையும் சேர்த்து வீடு வாங்குகிற எங்கள் ஆட்களிடம் கேள்வி கூடத்தான் வரும். இன்னொன்றும் உண்மை: 200 பவுண்ஸ் குறைவு என்பதற்காக அந்தச் சொலிசிட்டரைத் தெரிவுசெய்தது நாங்களே. ஆனால் இதெல்லாம் வேலை மெதுவாக நடப்பதற்குக் காரணம். வாய் திறக்காமல் இருப்பதற்குக் காரணம் இல்லை. வந்த ஈமெயிலை 19 நாள் திறக்காமல் விட்டது கவுன்சிலா?

இங்கே இப்படித்தான் என்று சொல்பவர்கள் ஸ்கொட்லாந்தைப் பார்க்கட்டும். அங்கே 2008 டிசம்பரில் இருந்து, பொதுவாக வீட்டை விலைக்குப் போடும்போதே சர்வே அடங்கிய ஹோம் ரிப்போர்ட் தயாராக இருக்க வேண்டும். இங்கிலாந்தும் 2007இல் அப்படி ஒரு தகவல் தொகுப்பைக் கொண்டுவந்தது. 2010இல் அரசாங்கம் அதை நிறுத்திவிட்டது. ஆகவே இந்த இழுபறி இயற்கை விதி இல்லை. மனிதர் எடுத்த முடிவு.

சட்டம் மாறும்வரை காத்திருக்க முடியாது. இன்றைக்கு வீட்டில் அம்மா அப்பாவுக்கு இங்கிலிஸ் கடிதம் வாசித்துச் சொல்வது நீங்கள்தானே? நாளை இந்த வேலையும் உங்கள் தலையில்தான் விழும். ஆகவே கேளுங்கள்.

வீட்டை விலைக்குப் போடும் அன்றே சொலிசிட்டரைப் பிடியுங்கள், ஆள் கிடைத்த பிறகு அல்ல. வீட்டுத் தகவல் படிவத்தையும், எதை விட்டுப் போகிறோம் என்ற படிவத்தையும் அப்போதே நிரப்புங்கள். பில்டிங் கன்ட்ரோல், பொயிலர், 2002 ஏப்ரலுக்குப் பிறகு மாற்றிய யன்னல்கள், எல்லாவற்றின் சான்றிதழ்களையும் தேடி எடுங்கள். லீஸ்ஹோல்ட் பிளாட் என்றால் பராமரிப்புக் கொம்பனியிடம் இருந்து வரவேண்டிய தகவல் தொகுப்புக்கு உடனே சொல்லிவையுங்கள். என் கோப்பைப் பார்ப்பது யார், அவர் லீவில் போனால் யார் என்று முதல் நாளே கேளுங்கள்.

பிறகு ஒவ்வொரு செவ்வாயும் ஒரு ஈமெயில், மூன்றே கேள்விகள்: எதற்காகக் காத்திருக்கிறோம்? யாரிடமிருந்து? எந்தத் திகதியில் இருந்து? பதில் வராவிட்டால் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் முறைப்பாடு செய்யுங்கள். அவர்களுக்கு எட்டு வாரம் இருக்கிறது. அதற்குள் சரியான பதில் இல்லையென்றால் லீகல் ஒம்பட்ஸ்மனிடம் போகலாம். அதற்குக் காசு இல்லை.

இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. காசு கொடுத்த வேலையின் கணக்கைக் கேட்கிறோம், அவ்வளவுதான். படித்தவரிடம் கேள்வி கேட்கக்கூடாது என்று ஊரில் பழகியதை அப்பா இங்கேயும் கொண்டுவந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இங்கேயே பிறந்து, இங்கேயே மாஸ்டர்ஸ் முடித்த நான் ஏன் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்?

இப்போது வேறு சொலிசிட்டர். வீடு திரும்பவும் விலைக்குப் போட்டாயிற்று, புதிதாக ஆளும் வந்திருக்கிறது. அப்பா இன்னும் அதே சோபாவில்தான் படுக்கிறார். நேற்றுக் காலை வேலைக்கு வெளிக்கிடும்போது கூப்பிட்டுக் கேட்டார்:

“தம்பி, இண்டைக்குச் செவ்வாயெல்லே? எழுதிட்டியா?”