வானில் நாலு மணி, ரோட்டில் நாலு மணி

மாண்புமிகு ஒன்றிய விமானப் போக்குவரத்துத் துறை அமைச்சர் அவர்களுக்கும், மாண்புமிகு தமிழக முதலமைச்சர் அவர்களுக்கும், பெருமாநல்லூரிலிருந்து வணக்கம்.

கோவையிலிருந்து சார்ஜாவுக்கு விமானத்தில் சுமார் நாலு மணி நேரம். கொச்சியிலிருந்து துபாய்க்கும் ஏறக்குறைய அதே கணக்குதான். ஆனால் எங்கள் நால்ரோட்டிலிருந்து கோவை விமான நிலையம் 40 கி.மீ.; கொச்சி விமான நிலையம் இருக்கும் நெடும்பாசேரியோ 200 கி.மீ.க்குக் குறையாது. எல் அண்ட் டி பைபாஸ், வாளையாறு, குதிரான் சுரங்கம், திருச்சூர் என்று தாண்டிப் போய்ச் சேர இன்னொரு நாலு மணி நேரம். கவுன்டரில் மூன்று மணி நேரம் முன்னதாக நிற்க வேண்டும். ஆக, பறப்பதைவிடப் பறக்கக் கிளம்புவதற்கே அதிக நேரம்.

கோவைக்குப் பன்னாட்டு நிலையத் தகுதி கிடைத்தது 2012-ல். இன்றும் சார்ஜா, அபுதாபி, சிங்கப்பூர் என விரல்விட்டு எண்ணக்கூடிய ஊர்களுக்குத்தான் நேரடி விமானம்; மற்ற ஊர்களுக்குப் பறக்கத்தான் கொச்சிவரை போகவேண்டியிருக்கிறது. நாங்கள் தைக்கும் பனியனும் டி-ஷர்ட்டும் போகும் ஐரோப்பாவுக்கு ஒன்றுகூட இல்லை. 2025 ஜூலையில் பிரிட்டனோடு வர்த்தக ஒப்பந்தம் போட்டீர்கள், மகிழ்ச்சி. அந்த ஊர் பையர் எங்கள் யூனிட்டைப் பார்க்க வரவேண்டுமென்றால், இன்னொரு ஊரில் இறங்கித்தான் வரவேண்டியிருக்கிறது.

சரக்குக்கும் இதே கதைதான். நூல் தாமதமாகும், சாயப்பட்டறையில் ஷேடு மாறும், பிரிண்டிங் திரும்பி வரும். தூத்துக்குடியிலிருந்து கப்பலில் போக வாரக்கணக்கில் ஆகும் என்பதால், தேதி நெருங்கினால் 'ஏரில் போடு' என்பார் பையர். அந்தச் செலவு எங்கள் தலையில். அப்போதும் பல நேரம் கார்ட்டன் பெட்டிகள் கோவையைத் தாண்டி, லாரியில் பெங்களூருக்கோ கொச்சிக்கோ போகின்றன. கோவை ஓடுதளம் 3,000 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. முழுச் சரக்கும் தொலைதூரத்துக்கான எரிபொருளும் ஏற்றிய பெரிய விமானம் மேலெழும்ப அது போதாது.

விரிவாக்கத்துக்கு 600 ஏக்கருக்கு மேல் நிலம் எடுக்கப் பல வருடங்கள் ஓடிவிட்டன. ஒன்றிய அரசு இனி சொல்லவேண்டியது ஒன்றுதான்: நீட்டிய ஓடுதளமும் புதிய முனையமும் எந்தத் தேதியில் திறக்கும்?

மாநில அரசுக்கு ஒரு கோரிக்கை. அவிநாசி சாலையில் 10 கி.மீ. மேம்பாலத்தை 2025 அக்டோபரில் திறந்தீர்கள். கோவை நகரத்துக்கு அது நல்லது. ஆனால் எங்கள் பக்கமிருந்து விமான நிலையத்துக்கு பஸ்ஸில் வருகிறவர், அதற்கு அருகிலுள்ள சித்ரா ஸ்டாப்பில் இறங்கி, பெட்டியை இழுத்துக்கொண்டு ஆட்டோக்காரரிடம் பேரம் பேசிக்கொண்டிருக்கிறார். திருப்பூரில் கிளம்பி, பெருமாநல்லூர், அவிநாசி வழியாக முனைய வாசலிலேயே இறக்கிவிடும் பேருந்துகளை விமான நேரத்தை ஒட்டி விடுங்கள். இதற்கு நிலம் எடுக்க வேண்டியதில்லை.

ஷிப்மென்ட் ஒரு வாரம் பிந்தினால் பில்லில் கழித்துக்கொள்ளும் ஆட்களோடு வியாபாரம் செய்கிறவர்கள் நாங்கள். 'விரைவில்' என்று எழுதிக் கொடுத்தால் எங்களிடம் எந்த பையரும் ஆர்டர் தரமாட்டார். நீங்களும் தேதி போட்டுப் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
பெருமாநல்லூர் பின்னலாடை உற்பத்தியாளர் ஒருவர்