வந்தவரும் வாழ்ந்தவரும்

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட அந்நியர் ஒருவர் சில திங்கள் தங்கினாலே திருகோணமலை மாணவரின் நாத் திருந்திவிடும் என்பார் உளர். உச்சரிப்பையே கல்வியெனக் கொண்ட மயக்கம் இது. லூசியானாவிற் பிறந்த இயேசு சபைத் துறவி யூஜின் ஹேபர் 1948இல் இத்துறைமுக நகருக்கு வந்தார், புனித சூசையப்பர் கல்லூரியிற் கற்பித்தார், கூடைப்பந்தும் பழக்கினார். பின்னர் மட்டக்களப்பிலும் பணிபுரிந்தார். போர் மூண்டபோது நாடு திரும்பியிருக்கலாம், திரும்பவில்லை. 1990 ஆகஸ்ட் 15இல் கிழக்கிலேயே காணாமற்போனார். 42 ஆண்டுகள்! மீள்பயணச் சீட்டோடு வருபவருக்கு, மாணவன் வீட்டில் அன்று உலையேறியதா என்பது எங்ஙனம் தெரியும்? அஃதறியாதார், அவன் வகுப்பில் வாய்திறவாமையை மந்தபுத்தி என்றே எழுதிச் செல்வர். அந்நியர் வரட்டும், அதிபர்கள் முதலிற் கேட்கவேண்டியது, எத்தனை ஆண்டு இருப்பீர் என்பதே.