ஜெரேனியத்தைக் குப்பையில் போடலாமா?

லால்பாக்கில் ஜனவரி மாத மலர்க்காட்சி முடிந்த கையோடு, நம்மவர் பலரும் ஆளுக்கொரு பூந்தொட்டியை அணைத்துக்கொண்டு பஸ் ஏறுவதைக் காணலாம். அவற்றில் ஜெரேனியம் தவறாமல் இருக்கும். சிவப்பிலும் இளஞ்சிவப்பிலும் கொத்துக்கொத்தாகப் பூக்கும் அந்தச் செடி ஸ்ரீராமபுரத்து ஒண்டுக்குடித்தன வாசலுக்கும் அல்சூர் மாடிப்படிக்கும் தனிக் களையைத் தந்துவிடுகிறது. ஆனால் ஆகஸ்டு மாதம் அதே தெருக்களில் நடந்து பாருங்கள். அழுகிய தண்டோடு தொட்டி மண் குப்பைமேட்டில் கிடக்கும். கேட்டால், "சீசன் முடிந்துவிட்டது சார், அடுத்த ஜனவரியில் புதிதாக வாங்கிக்கொள்ளலாம்" என்பார்கள். மாதச் சம்பளக்காரன் வருடாவருடம் ஒரே செடிக்குக் காசு கொடுப்பது எந்தக் கணக்கில் சேர்த்தி?

ஜெரேனியம் ஒரு பருவத்துப் பூவே அல்ல. பல ஆண்டு வாழும் செடி. தாயகம் தென்னாப்பிரிக்கா. சரியான பெயர் பெலார்கோனியம். 1753-ல் லின்னேயஸ் இதையும் வேறொரு செடியினத்தையும் ஜெரேனியம் என்ற ஒரே பெயரில் சேர்த்துவிட்டார். 1789-ல் இரண்டையும் பிரித்தார்கள். ஆனாலும் மக்கள் வாயில் பழைய பெயரே நின்றுவிட்டது.

ஐரோப்பாவில் உறைபனி விழுந்தால் இச்செடி கருகிவிடும். ஆகவே அங்குள்ளவர்கள் பனிக்கு முன்பே செடியை வேரோடு எடுத்து, மண்ணை உதறி, நிலவறையில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். அவ்வப்போது வேரைச் சற்றே நனைத்து, வசந்தத்தில் மறுபடி நடுகிறார்கள். உறைபனி என்பதே இல்லாத பெங்களூரில் இருந்துகொண்டு நாம் அதைக் குப்பையில் போடுகிறோம்!

இங்கே இதற்கு எமன் குளிர் அல்ல, மழை. ஜூனில் தொடங்கி அக்டோபர் வரை நனைந்துகொண்டே இருந்தால் தண்டின் அடி கறுத்து அழுகும். கறுத்துவிட்டால் வைத்தியம் இல்லை. மண்ணோடு அப்புறப்படுத்த வேண்டியதுதான். வராமல் தடுப்பது சுலபம். மழைக்கு முன்பே செடியைப் பாதிக்கு வெட்டிவிட்டு, வெளிச்சம் படும் தாழ்வாரத்தில் வையுங்கள். செம்மண்ணோடு மணலைத் தாராளமாகக் கலந்து, தொட்டியின் அடித் துவாரம் அடைபடாமல் பாருங்கள். மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர். எருவை அள்ளிப் போட்டால் இலைதான் மண்டும், பூ வராது.

மழை ஓய்ந்ததும் பூவில்லாத கிளையில் நான்கு அங்குலத் துண்டை, கணுவுக்குக் கீழே வெட்டுங்கள். அடி இலைகளைக் கிள்ளிவிட்டு நிழலில் அரை நாள் காயவையுங்கள். வெட்டுவாய் உலராமல் நட்டால் அழுகும். பலர் தோற்பது இந்த ஓரிடத்தில்தான். ஈர மணலில் நட்டால் மூன்று நான்கு வாரத்தில் வேர் பிடிக்கும்.

தண்ணீர்ப் பஞ்ச ஊரில் தோட்டம் ஒரு கேடா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். 2024 மார்ச்சில் குடிநீரைத் தோட்டத்துக்கு ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் உத்தரவிட்டது. ஆனால் வறண்ட சீமையில் பிறந்த ஜெரேனியத்துக்கு அரிசி களைந்த தண்ணீர் போதும். குடம் குடமாகக் கேட்கும் செடிகளை விட்டு இதை வைத்துக்கொள்ளச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

வீட்டுக்காரர் தொந்தரவு வேறு விஷயம். சுவரில் கறை படிகிறது என்று அவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. தொட்டிக்கடியில் ஒரு தட்டு வைத்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். கைப்பிடிச் சுவரின் மேல் மட்டும் யாரும் தொட்டி வைக்காதீர்கள். கீழே குழந்தைகள் நடக்கிறார்கள்.

"இது நம் ஊரா, சொந்த வீடா? நாளைக்கே மாற்றல் வந்தால் யார் சுமப்பது?" என்று சொல்லியே இருபது வருடம் ஒரு துளசிகூட வைக்காமல் குவார்ட்டர்ஸில் காலம் தள்ளியவர்களை நான் அறிவேன். மாற்றல் உத்தரவு கைக்கு வந்தால் தொட்டியைச் சுமக்க வேண்டாம். நான்கு துண்டுகளைச் செய்தித்தாளில் சுற்றிப் பையில் வைத்தால் ஓர் இரவு ரயில் பயணத்தை அவை தாங்கும். மைசூர் என்றால் தாராளமாக வளரும். சென்னை என்றால் பக்கத்து வீட்டாரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். அந்த ஊர் மே மாதத்தில் அது பிழைப்பது கடினம்.

தோட்டக்கலைத் துறையும் ஒன்று செய்யலாம். மலர்க்காட்சி முடிந்ததும் ஜெரேனியங்களை வெட்டிவிடும்போது விழும் கிளைகளை வேர்பிடிக்க வைத்து, லால்பாக்கிலேயே சிறு விலைக்கு விற்கலாம். வளர்க்கும் முறையைக் கன்னடத்திலும் தமிழிலும் அச்சிட்டு ஒரு துண்டுத்தாளைக் கூடவே கொடுத்தால், ஆகஸ்டுக் காட்சிக்கு வருகிறவர்கள் மழைக்காலத்தில் செடியை எங்கே வைப்பது என்பதை அங்கேயே தெரிந்துகொண்டு போவார்கள்.