படத்தில் இல்லாத குடிசை

மலைச்சரிவில் இன்னும் ஒரு மரம்கூட வெட்டப்படவில்லை. ஆனால் வெட்டிய பிறகு அந்தச் சரிவு எப்படி இருக்கும் என்பதைக் கம்ப்யூட்டர் இன்றே படமாகக் காட்டிவிடுகிறது. எத்தனை மரம், என்ன ஜாதி, என்ன உயரம் என்ற கணக்கைக் கொடுத்தால் போதும். மரம் மரமாக வரைந்துவிடும். அமெரிக்க சர்க்காரின் வன இலாகா 1990-களிலேயே இத்தகைய புரோகிராம்களைத் தயாரித்தது.

இதை நாம் வரவேற்கிறோம். விஞ்ஞானத்தைக் கண்டு மிரளுகிறவர்கள் அல்ல நாம். ஆனால் படம் யாருடைய கண்ணுக்காக? அதே இலாகா 1974-ல் வகுத்த முறையில், ரோட்டிலிருந்தும் உல்லாச ஸ்தலங்களிலிருந்தும் பார்க்கிறவரை வைத்தே மலையின் அழகு எடைபோடப்பட்டது. காரில் போகிறவர் கண்ணை மொட்டை மலை உறுத்தக் கூடாதாம்! அங்கே நின்று மரம் வெட்டுகிறவன் கண்ணுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

நம் நாட்டில் இது வெறும் அழகுப் பிரச்னை அல்ல, சோற்றுப் பிரச்னை.

1987 முதல் இந்திய வன அளவை நிறுவனம் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு காட்டின் பரப்பைக் கணக்கிட்டு வருகிறது. அது பயன்படுத்தும் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 23.5 மீட்டர் நீளம், 23.5 மீட்டர் அகலம். அதாவது சுமார் பதின்மூன்றரை சென்ட். மூன்று சென்ட் மனைக்காக வருஷக்கணக்கில் தாலுகா ஆபீஸுக்கு நடந்த நம் விவசாயத் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவனுடைய குடிசை, தொழுவம், முருங்கை மரம் எல்லாம் அந்த ஒரு புள்ளிக்குள் கரைந்துபோகும். மேலிருந்து பார்த்தால் பச்சை. பச்சை என்றால் காடு!

2006-ம் வருஷ வன உரிமைச் சட்டப்படி ஆதிவாசிகள் நிலம் கேட்டு மனுச் செய்தபோது, குஜராத்தில் படத்தைக் காட்டியே ஏராளமான மனுக்கள் தள்ளப்பட்டன. அவற்றை மறுபடி பரிசீலிக்கும்படி அந்த மாகாண ஹைகோர்ட் 2013-ல் உத்தரவிட்டது. சட்டத்தின் விதிகளோ 2012-லேயே தெளிவாகத் திருத்தப்பட்டுவிட்டன: செயற்கைக்கோள் படம் மற்றச் சாட்சியங்களுக்குத் துணையாகலாம், அவற்றுக்குப் பதிலாகாது. ஊர்ப் பெரியவர் வாக்குமூலம், கிணறு, வரப்பு, இடுகாடு எல்லாமே சாட்சியம்தான்.

அதே குஜராத்தில், நர்மதை ஜில்லாவில் இன்னொன்றும் நடந்தது. ஆதிவாசிகள் ஜி.பி.எஸ். கருவியைத் தாங்களே கையில் எடுத்தார்கள். தங்கள் நிலத்தின் எல்லையைச் சுற்றி நடந்து அளந்தார்கள். அந்த அளவைப் பழைய செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்தி, நாங்கள் அன்றே உழுதோம் என்று காட்டினார்கள். எந்தப் படம் எதிரியாக வந்ததோ, அதுவே சாட்சியாக நின்றது. பள்ளிக்கூட வாசலை அதிகம் மிதிக்காதவர்கள் செய்த காரியம் இது!

எனவே நமது கோரிக்கை இதுதான். காட்டைப் பற்றியோ நிலத்தைப் பற்றியோ யோஜனை போடும் இலாகா, தன் படங்களை முதலில் கிராம சபையில் திரைகட்டிக் காட்ட வேண்டும். எந்தத் தேதியில் எடுத்த படம், ஒரு புள்ளி எத்தனை சென்ட் என்பதைத் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். மனுவைத் தள்ளினால், அதற்கு ஆதாரமான படத்தின் நகலையும் சேர்த்துத் தர வேண்டும்.

கிராம சபையின் தீர்மானமோ, சப்-டிவிஷன் கமிட்டியின் முடிவோ பாதகமாக வந்தால், 60 நாட்களுக்குள் மேல்மனுச் செய்யச் சட்டம் இடம் தருகிறது. மலையோரக் கிராமங்களில் வேலை செய்யும் தோழர்கள் அந்தத் தேதிகளை ஒரு நோட்டில் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.