பார்க்காத வேலைக்கு எப்படி டிக் அடிப்பது?

தொண்டூர் என்றால் பலருக்குத் தெரியாது. செஞ்சிக் கோட்டை என்றால் தெரியும். அந்தச் செஞ்சிப் பக்கத்தில் இருக்கிற கிராமம்தான் தொண்டூர். அங்கே ஒன்பதாம் வகுப்பு படிக்கிற ஒரு பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் பள்ளியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைக்கிறார்கள். மார்க் கிடையாது, பாஸ் ஃபெயில் கிடையாது, பயப்படாதே என்கிறார்கள். கட்டடத்துக்கு வரைபடம் போடப் பிடிக்குமா? ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யப் பிடிக்குமா? விளம்பரம் தயாரிக்கப் பிடிக்குமா? சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரப் பிடிக்குமா? நோயாளிகளைக் கவனிக்கப் பிடிக்குமா?

அவள் வரைபடம் போடுகிறவரைப் பார்த்ததில்லை. வீடு கட்டுகிற மேஸ்திரியைத்தான் பார்த்திருக்கிறாள். விளம்பரம் என்பது டிவியில் வருவது, அதை யாரோ தயாரிக்கிறார்கள் என்பதே புதுச் செய்தி. டீச்சரைத் தெரியும், ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸைத் தெரியும். தெரிந்ததற்கு டிக் அடிக்கிறாள். ரிசல்ட் வருகிறது: "சமூக நாட்டம் அதிகம். ஏற்ற துறைகள்: ஆசிரியர், செவிலியர்." எல்லோருக்கும் சந்தோஷம். அந்தத் தாளில் இருப்பது அவள் மனசு என்று நினைக்கிறார்கள். பதினாலு வயசு வரை அவள் போய்வந்த பஸ் ரூட்டில் என்னென்ன வேலைகள் கண்ணில் பட்டன என்பதுதான் அதில் இருக்கிறது.

இந்த நாட்டமறித் தேர்வுகள் முழுக்க மோசடி என்று ஜல்லியடிப்பது இங்கே நோக்கம் இல்லை. நல்ல ஆராய்ச்சியின் மேல் நிற்கிற தேர்வுகள் இருக்கின்றன. ஜான் ஹாலண்ட் 1959ல் முன்வைத்த கோட்பாடு மனித நாட்டங்களை ஆறு வகையாகப் பிரிக்கிறது. கருவியோடு புழங்குவது, ஆராய்வது, கலை, மனிதருக்கு உதவுவது, ஆட்களை நடத்தி வியாபாரம் செய்வது, ஒழுங்காகக் கணக்கு வைப்பது. உலகம் முழுக்கத் தொழில் வழிகாட்டுதலில் இன்றும் இது பயன்படுகிறது. கேள்வி தேர்வைப் பற்றியது அல்ல. அதை யாருக்கு, எப்போது, எதற்குப் பதிலாகக் கொடுக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

இந்தத் துறையின் பிள்ளையார் சுழி ஃப்ராங்க் பார்சன்ஸ். 1908ல் பாஸ்டன் நகரத்தில் தொழில் வழிகாட்டும் அலுவலகம் ஒன்றைத் தொடங்கினார். அவர் சொன்னது மூன்று படிகள். ஒன்று, உன்னை அறிந்துகொள். இரண்டு, வேலைகளை அறிந்துகொள்: என்ன தகுதி வேண்டும், என்ன சம்பளம், என்ன கஷ்டம். மூன்று, இரண்டையும் பக்கத்தில் வைத்து யோசி. நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. முதல் படியை மட்டும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, மற்ற இரண்டையும் காற்றில் விட்டுவிட்டார்கள். ஏன்? முதல் படி மலிவு. ஒரு லாகின், ஒரு மணி நேரம், ஆயிரம் பிள்ளைகள். இரண்டாவது படிக்கு வண்டி வைத்து ஊர் ஊராகக் கூட்டிப்போக வேண்டும். மூன்றாவது படிக்கு உட்கார்ந்து பேச ஓர் ஆள் வேண்டும்.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு ஒரு விஷயம் சட்டென்று புரியும். இருப்பாய்வில் பற்றும் வரவும் அழகாகச் சமமாகிவிடும். அதற்காகக் கணக்கு சரி என்று அர்த்தம் இல்லை. ஒரு நடவடிக்கையைக் குறிப்பேட்டில் எழுதவே மறந்துவிட்டால், இருப்பாய்வு அதைக் காட்டிக் கொடுக்காது. முழு விடு பிழை என்று பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. தொண்டூர் பெண்ணின் ரிசல்ட்டும் அப்படித்தான். கூட்டல் சரி. பதிவே ஆகாத வேலைகள் எத்தனை என்று அந்தத் தாளுக்குத் தெரியாது.

தேர்வு என்பது சமூகத்தின் பழக்கத்தையே திருப்பிக் காட்டும் என்பதற்குப் பழைய சாட்சி ஒன்று உண்டு. எட்வர்ட் ஸ்ட்ராங் என்ற உளவியலாளர் 1927ல் தொழில் நாட்டப் படிவம் ஒன்றை வெளியிட்டார். அது ஆண்களுக்கு. பெண்களுக்கு 1933ல் தனிப் படிவம், அதில் வேலைப் பட்டியலும் வேறு. இரண்டும் ஒன்றாக 1974 ஆனது. அதாவது, பல வருஷங்கள் ஒரு பெண் எவ்வளவு நேர்மையாகப் பதில் எழுதினாலும், பட்டியலில் இல்லாத வேலை அவளுக்கு ரிசல்ட்டாக வந்திருக்க வாய்ப்பே இல்லை. இன்றைக்கு நீலம், இளஞ்சிவப்பு என்று தனித்தனிப் படிவம் இல்லை. ஆனால் ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு கண்ணுக்குத் தெரியாத தனிப் பட்டியல் இருக்கிறது.

அடுத்தது வயசு. நாட்டங்கள் எவ்வளவு நிலையானவை என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2005ல் வெளிவந்தது. நாட்டங்கள் நன்றாக உறுதிப்படுவது 18 வயசுக்கு மேல், கல்லூரி வயசில் என்பது அதன் முடிவு. இங்கே பதினாலில் சோதித்து, பதினைந்தில் பதினொன்றாம் வகுப்பு குரூப்பை முடிவு செய்கிறார்கள். அந்தக் குரூப்தான் பிறகு எந்தக் கதவு திறக்கும், எது திறக்காது என்பதைத் தீர்மானிக்கிறது. கணக்குப் பாடம் இல்லாத குரூப்பை எடுத்தவள், பத்தொன்பது வயசில் "எனக்குக் கட்டடக்கலை பிடிக்கும்" என்று கண்டுபிடித்தால் யாரிடம் போய்க் கேட்பது?

மத்திய வாரியத்தைப் பாருங்கள். என்.சி.இ.ஆர்.டி.யும் சி.பி.எஸ்.இ.யும் சேர்ந்து 2019ல் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு 'தமன்னா' என்று ஒரு திறனறித் தேர்வைக் கொண்டுவந்தன (நடிகை இல்லை :-)). மொழி, எண், இடவுணர்வு என்று ஏழு திறன்களை அளக்கிறது. அதன் அறிவிப்பிலேயே, இந்த முடிவை வைத்து எந்தப் பாடத்தையும் படிப்பையும் மாணவர் மேல் திணிக்கக் கூடாது என்று எழுதியிருந்தது. உருவாக்கியவர்களுக்கே எல்லை தெரிந்திருக்கிறது. பள்ளியில் அந்த வரியை யார் படிக்கிறார்கள்?

தனியார் சந்தை இன்னொரு கூத்து. கைரேகையை ஸ்கேன் செய்து "உங்கள் பிள்ளை என்ன ஆவான்" என்று சொல்லிக் காசு பார்க்கிறார்கள். இதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று இந்திய மனநல மருத்துவர் சங்கமே சொல்லியிருக்கிறது. ஆனாலும் பெற்றோர் ஏன் நம்புகிறார்கள்? 1948ல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற பேராசிரியர் 39 மாணவர்களுக்கு ஆளுமைத் தேர்வு வைத்து, ஆளுக்கொரு ரிப்போர்ட் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மார்க் போடச் சொன்னார். சராசரி 4.26. பிறகுதான் உண்மையைச் சொன்னார்: எல்லோருக்கும் கொடுத்தது ஒரே ரிப்போர்ட். பொதுவாகப் புகழ்ந்து எழுதினால் யாருக்கும் பொருந்தும். கிளி ஜோசியக்காரருக்கு இது எப்போதோ தெரியும்.

"ஒன்றுமே இல்லாததற்கு இது பரவாயில்லையே? மாமா சொன்னார் என்று இன்ஜினியரிங் சேர்கிற ஊரில் இதாவது இருக்கட்டுமே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் மாமாவோடு சண்டை போடலாம். கம்ப்யூட்டர் அச்சடித்துக் கொடுத்த தாளோடு பதினாலு வயசுப் பிள்ளை எப்படிச் சண்டை போடும்? "உனக்கே இதுதான் பிடிக்கும்னு வந்திருக்கே" என்று வீட்டில் சொன்னால் பேச்சு முடிந்தது.

இப்போது தொண்டூருக்குத் திரும்பலாம். அந்த ஊர்க் குன்றில் சமண முனிவர்களுக்கு வெட்டிய கற்படுக்கைகள் இருக்கின்றன. பக்கத்தில் தமிழ்பிராமிக் கல்வெட்டு. ஏறத்தாழ 1700 வருஷத்துக்கு முந்தையது என்று கணிக்கிறார்கள். படுக்கையைச் செய்தவர் அகழூரைச் சேர்ந்த மோசி என்கிறது. அகலூர் இன்றும் பக்கத்து ஊர்தான். கொஞ்ச தூரத்தில் செஞ்சிக் கோட்டை. 2025 ஜூலையில் மராட்டிய ராணுவக் கோட்டைகள் பன்னிரண்டையும் சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்றது செஞ்சி மட்டும்தான். கல்வெட்டு வாசிப்பவர், பழைய கட்டடத்தைப் பழுது பார்க்கிறவர், அகழாய்வாளர், படம் வரைந்து ஆவணப்படுத்துகிறவர், சுற்றுலா வழிகாட்டி. எல்லாமே வேலைகள். செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு ஒருநாள் போனால் நெல்லின் தரம் பார்ப்பது, ஏலம், கிடங்கு, கணக்கு என்று இன்னொரு உலகம். அந்தப் பெண் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரம். தேர்வுக்கு முன்னால் அவளை யாராவது அங்கே கூட்டிப்போனார்களா?

தமிழ்நாடு அரசு 2022 மார்ச் 1ல் 'நான் முதல்வன்' என்று திட்டம் தொடங்கியபோது பெயரிலேயே ஒரு நம்பிக்கை இருந்தது. அந்த மாதிரி எந்தத் திட்டமும் நிற்க வேண்டிய இடம் இதுதான். முதலில் காட்டு, பிறகு கேள். எட்டாம் வகுப்பிலிருந்து வருஷத்துக்கு நாலு வேலையிடங்களை நேரில் காட்டட்டும். அதே ஊரிலிருந்து படித்துப் போனவர்களை வகுப்புக்குக் கூப்பிட்டுப் பேச வைக்கட்டும். தேர்வு வைத்தால் ஒரு தடவையோடு நிறுத்தாமல் பிளஸ் டூவில் மறுபடி வைக்கட்டும். தாளைக் கையில் கொடுத்து அனுப்பாமல், ஓர் ஆசிரியர் பிள்ளையோடும் பெற்றோரோடும் அரைமணி நேரம் உட்காரட்டும். அந்தப் படிப்புக்கு ஃபீஸ் எவ்வளவு, ஹாஸ்டல் எங்கே, உதவித்தொகை உண்டா என்பதும் அந்தப் பேச்சில் வரட்டும். தேர்வு முடிவைக் காட்டி எந்தக் குரூப்பையும் மறுக்கக் கூடாது என்று பள்ளிச் சுவரில் எழுதி ஒட்டட்டும்.

இதற்கெல்லாம் காசு செலவாகும், ஆள் வேண்டும். உண்மைதான். அதைச் செலவழிக்க மனசில்லாமல், "தெரியாது" என்று டிக் அடிக்க வேண்டிய பிள்ளையிடம் "பிடிக்காது" என்று எழுதி வாங்கிக்கொண்டு, அதற்கு வழிகாட்டுதல் என்று பெயர் வைக்காமலாவது இருக்கலாம்.