அழுகை இல்லாத கண்ணீர்

எங்கட இளையவளுக்கு மூன்று கிழமை ஆனபோது இடது கண்ணால தண்ணி வடியத் தொடங்கியது. காலையில பார்த்தால் இமை இரண்டும் மஞ்சள் பீளையில ஒட்டிப்போய் இருக்கும். பிள்ளை அழவில்லை, ஆனால் கன்னம் எப்பவும் ஈரம்.

ஹாரோவில எங்கட வீட்டுக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். "நாவூறு பட்டிட்டுது தம்பி" என்றா அம்மா. மாமி தாய்ப்பால் இரண்டு சொட்டு விடச் சொன்னா. இன்னொரு அன்ரி கண்ணுக்கு மை பூசினால் சரியாகும் என்றா. நான் இரவு இரண்டு மணிக்கு போனில தேடி, இருக்கிற வருத்தம் எல்லாம் பிள்ளைக்கு இருக்கு என்று முடிவு கட்டினேன்.

அடுத்த நாள் ஜீபீயிடம் போனோம். முதல் 28 நாளுக்குள்ள கண் சிவந்து பீளை வந்தால் காத்திருக்கவே கூடாது. பிரசவத்தின்போது தொற்றிய கிருமியாகவும் இருக்கலாம், அது பார்வையைக் கெடுக்கும். எங்கட பிள்ளைக்குக் கண் வெள்ளையாகத்தான் இருந்தது. "கண்ணீர்க் குழாய் இன்னும் திறக்கவில்லை, அவ்வளவுதான்" என்றார் டாக்டர்.

விசயம் ஒரு கிச்சன் சிங்க் மாதிரித்தான். கண்ணுக்கு மேல இருக்கிற சுரப்பி தண்ணியைத் திறந்து விடுது. இமைகளின் உள் மூலையில, மேலொன்று கீழொன்றாக இரண்டு சின்ன ஓட்டைகள் இருக்கு. அந்த வழியால கண்ணீர் ஒரு பைக்குப் போய், அங்கிருந்து குழாயால மூக்குக்குள்ள இறங்குது. அழுதால் மூக்கும் சேர்ந்து ஒழுகுவது இதனாலதான். சில குழந்தைகளுக்குப் பிறக்கும்போது குழாயின் அடி முனையில ஒரு மெல்லிய சவ்வு மூடியே இருக்கும். டாப் வேலை செய்யுது, வடிகால் அடைபட்டிருக்கு.

நல்ல செய்தி என்னவென்றால், ஏறக்குறைய 10 பிள்ளைகளில 9 பேருக்கு ஒரு வயதுக்குள்ள இது தானாகவே திறந்துவிடும். அதுவரைக்கும் எங்களுக்குத் தந்த வேலை மசாஜ். கையை நல்லாக் கழுவி, நகத்தை ஒட்ட வெட்டிவிட்டு, கண்ணின் உள் மூலைக்கும் மூக்குக்கும் இடையில விரல் நுனியை வைத்துக் கொஞ்சம் அழுத்தி, மூக்கோரமாகக் கீழ்நோக்கி இழுக்க வேணும். ஒரு தடவைக்கு ஐந்து பத்து இழுவை, ஒரு நாளைக்குச் சில தடவை. சும்மா தோலைத் தடவுவதால பிரயோசனமில்லை. பீளையைக் கொதித்தாறிய தண்ணியில நனைத்த பஞ்சால துடையுங்கோ. ஒரு பஞ்சு ஒரு தடவைக்குத்தான்.

தாய்ப்பாலும் மையும் வேண்டாம். பால் அடைப்பைத் திறக்காது. கடைகளில விற்கிற சில மை, சுர்மாக்களில ஈயம் இருக்கு. அதைப் பெரியவர்களிடம் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் பக்குவமாகச் சொல்லுங்கோ.

உடனே காட்ட வேண்டிய அறிகுறிகளையும் நினைவில வைத்திருங்கோ: கண் சிவந்தால், வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் பிள்ளை கண்ணை இறுக மூடினால், கருவிழி மங்கலாகவோ மற்றக் கண்ணைவிடப் பெரிதாகவோ தெரிந்தால், மூக்கோரம் சிவந்து வீங்கினால், பிறந்ததுமே அந்த இடத்தில நீல நிறத்தில ஒரு வீக்கம் இருந்தால்.

எங்கட மகள் அந்தப் பத்தாவது ஆள். ஒரு வயது தாண்டியும் நிற்கவில்லை. கண் ஆஸ்பத்திரியில மஞ்சள் சாயம் ஒரு சொட்டு விட்டு, ஐந்து நிமிசம் கழித்து நீல வெளிச்சத்தில பார்த்தார்கள். வலது கண்ணில சாயம் போய்விட்டது, இடது கண்ணில பச்சையாக மினுங்கிக்கொண்டே நின்றது. "ப்ரோப் பண்ணலாம். இன்னும் சில மாதம் காத்திருக்க விரும்பினாலும் பிழையில்லை" என்றார்கள்.

அந்தத் தெரிவுதான் எங்களைப் படுத்தியது. கண்ணால தண்ணி வடியிறதுக்காக ஒரு சின்னப் பிள்ளையை மயக்குவதா? மனைவி தன் கேள்விகளை எல்லாம் எழுதிக்கொண்டு போய்க் கேட்டாள். மழுங்கிய மெல்லிய கம்பியை இமை ஓட்டையால விட்டுச் சவ்வைத் திறப்பார்கள், சில நிமிச வேலை, அன்றைக்கே வீட்டுக்கு வரலாம். சரிவராவிட்டால் அடுத்த முறை மெல்லிய சிலிக்கன் குழாய் வைப்பார்கள். இந்தக் கம்பிக்கு இன்னும் வில்லியம் போமனின் பேர்தான். 19ஆம் நூற்றாண்டில எங்கட லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் ஆஸ்பத்திரியில வேலை செய்த சத்திரசிகிச்சை நிபுணர் அவர். இதைக் கேட்டதும் எனக்கு மனம் கொஞ்சம் ஆறியது.

மாஸ்க்கை வைத்ததும் பிள்ளை என் கையில துவண்டதை மறக்க ஏலாது. அரை மணித்தியாலத்தில திரும்பக் கொண்டுவந்து தந்தார்கள். ஒரு கிழமையில கண் காய்ந்துவிட்டது.

கதை அதோடு முடியவில்லை. ஒரு நாள் அம்மா பேத்தியைத் தூக்கி வைத்துக்கொண்டு மெல்லக் கேட்டா: "தம்பி, எனக்கும் இதுதானோ?"

அப்பா போன பிறகு நான்கு வருசமாக அம்மாவின் கையில எப்பவும் ஒரு லேஞ்சி. அவ அப்பாவை நினைத்து அழுகிறா என்றே நாங்கள் எல்லோரும் நினைத்தோம், கேட்கப் பயந்தோம். கோயிலில, கலியாண வீடுகளில எல்லோரும் தேற்ற வருகிறார்கள் என்று வெளியில போவதையே அவ குறைத்துவிட்டா.

ஜீபீயிடம் நானே மொழிபெயர்த்தேன். "கண்ணால கண்ணீர் ஓடுது" என்று அம்மா சொன்னதை, என்ர ஆங்கிலத்தில "அடிக்கடி அழுகிறா" என்று ஆக்கிவிட்டேன். டாக்டர் நித்திரை, சாப்பாடு, மனக்கவலை எல்லாம் விசாரித்தார். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை: "நான் ஏன் அழப்போறன்? கண்தான் அழுது!" அன்றைக்கே எனக்கு விளங்கியது, அடுத்த முறை இன்டர்பிரிட்டர் கேட்க வேணும் என்று. என்.எச்.எஸ்ஸில அது இலவசம். முன்கூட்டியே சொல்லி வையுங்கோ.

பெரியவர்களுக்குக் காரணம் பல. கண் வறண்டாலும் அதை ஈடுகட்ட அதிகம் சுரக்கும்; கீழ் இமை தளர்ந்தாலும் வடியும். அம்மாவுக்கு இமை ஓட்டையால உப்புத் தண்ணி செலுத்திப் பார்த்தார்கள். வழி திறந்திருந்தால் தொண்டையில உப்புக் கரிக்கும். அம்மாவுக்குக் கரிக்கவில்லை, தண்ணி திரும்பிக் கண்ணுக்கே வந்தது.

அதற்கான ஒப்பரேசன் பேர் டீ.சீ.ஆர். அடைபட்ட குழாயை விட்டுவிட்டு, கண்ணீர்ப் பைக்கும் மூக்குக்கும் நடுவில உள்ள எலும்பில சின்ன ஜன்னல் திறந்து புது வழி போடுவது. 1904இல இத்தாலியில டோட்டி என்பவர் தொடங்கி வைத்தது. இன்றைக்கு மூக்கோரம் சின்ன வெட்டாலும் செய்யலாம், வெட்டே இல்லாமல் மூக்குக்குள்ளால கமெரா விட்டும் செய்யலாம். சில கிழமைக்கு சிலிக்கன் குழாய் உள்ளே இருக்கும். ஏறக்குறைய 10 பேரில 9 பேருக்குப் பலன் தரும். இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை எடுப்பவர்கள் முதலே சொல்ல வேணும், தாங்களாக நிறுத்தக் கூடாது. பிறகு இரண்டு கிழமைக்கு மூக்குச் சீறவும் கூடாது. அவசர ஒப்பரேசன் இல்லை என்பதால வரிசையும் நீளம். அம்மா மாதக்கணக்கில காத்திருந்தா.

போன மாதம் ஒரு கலியாண வீட்டுக்கு அம்மா லேஞ்சி இல்லாமல் வந்தா. தாலி கட்டும்போது கண் கலங்கியது. துடைத்துவிடப் போனேன். "விடு தம்பி, இது உண்மையா அழுகிறன்" என்றா.

இந்தக் கிழமை போன் எடுக்கும்போது உங்கட அம்மா அப்பாவிடமும் ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ.